பத்து மணித் தேத்தண்ணியை நிறுத்திய கம்பனிக்கு ஒரு திறந்த மடல்

பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கம், நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை நடத்தும் கம்பனியின் பணிப்பாளர்களுக்கும், தோட்ட முகாமையாளர் அவர்களுக்கும்,

மாசி மாதக் கடைசியில் காலைப் பிரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், ஓர் அறிவித்தல் வாசிக்கப்பட்டது. இனி மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கென்று வேலை நிற்காது. குடிக்கிறவர்கள் நிரையில் நின்றபடியே குடித்துக்கொள்ளலாம். கொழுந்து நிறுப்பது நாளுக்கு மூன்று தடவையிலிருந்து இரண்டாகக் குறையும். கூரை விழுந்துபோன கொழுந்து மடுவம், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகை, இப்போதைக்குத் திருத்தப்படாது. லொறி வந்து நிற்கிற ரோட்டோரத்திலேயே நிறுவை நடக்கும். பெண்கள் எதிர்த்துக் கேட்டபோது அவர்களுக்குக் கிடைத்த பதில்: "இது மலைநாடு. கொழும்பிலயும் வவுனியாவிலயும் அடிக்கிற வெயிலா இங்க அடிக்குது?"

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. என் அம்மா உங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் தாதி உத்தியோகத்தராக இருக்கிறேன். வெயில் மாதங்களில் எங்கள் வார்டுக்குத் தலைசுற்றல், வாந்தி, நெஞ்சு படபடப்பு, கெண்டைக்கால் பிடிப்பு என்று வருகிற பெண்களில் பலர் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவில், பேர் உள்ளவர்கள். மலைநாட்டில் வெயிலால் ஆபத்து இல்லை என்ற எண்ணம் தவறு. ஏன் தவறு என்பதை நான் படித்ததிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் உயரத்தைப் பற்றி. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை நகரம் 680 மீற்றர் அளவில்தான். இரண்டையும் மலைநாடு என்றுதான் சொல்கிறோம், ஆனால் பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தாழ்ந்த மலைகளில் நடுப்பகல் வெப்பம் 30 பாகையை எட்டுவது புதினமில்லை. அந்த 30 பாகையும் நிழலில் அளக்கிற கணக்கு. உங்கள் கீழ் டிவிசனில் நிழல் மரங்களை வெட்டிய பிறகு, தலைக்கு நேரே வெயில் இறங்குகிற மலையில் நிற்கிற உடம்பு தாங்குவது அதைவிட அதிகம்.

இதற்கு மேல், உழைக்கிற உடம்புக்குச் சூடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. தசை எரிக்கிற சக்தியில் ஏறத்தாழ கால்பங்குதான் வேலையாக மாறுகிறது. மிச்சம் முக்கால் பங்கும் உடம்புக்குள்ளேயே சூடாகிறது. கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறுகிற பெண்ணுக்குள் அந்தச் சூடு நிமிடத்துக்கு நிமிடம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றுகிற பொறுப்பு இதயத்தின் மேல் விழுகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளும். மலையில் ஏறிப் பறிக்கத் தொடங்கினால் தசைகள் ஒட்சிசன் கேட்கும். இதயம் அதைப்போல் இரண்டு மடங்கு தள்ள வேண்டிவரும். காலை எட்டு மணிக் குளிரில் அது பெரிய பாரமில்லை. வெயில் ஏறியதும் தோலும் இரத்தம் கேட்கத் தொடங்குகிறது. உள்ளே உண்டான சூட்டைத் தோல்வரை கொண்டுவந்து வெளியே விட இரத்தத்தை விட்டால் உடம்புக்கு வேறு வழி கிடையாது. குளிர் நேரத்தில் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லீற்றர்கூடப் போவதில்லை. உடம்பு கடுமையாகச் சூடேறினால், ஓய்வில் படுத்திருப்பவருக்கே அது 7, 8 லீற்றர்வரை உயரும் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். தசையும் கேட்டு, தோலும் கேட்டால், உடம்பு குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற பங்கைக் குறைக்கிறது. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குப் பிறகு தோலுக்குப் போதிய இரத்தம் போகாது, சூடு உள்ளேயே சேர்ந்துவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. விரிந்த தோல் நாளங்களில் இரத்தம் தேங்குகிறது. வியர்வையாகப் போகிற நீரில் ஒரு பங்கு இரத்தத்திலிருந்தே குறைகிறது. இரண்டும் சேர, இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைந்து, ஒரு துடிப்பில் தள்ளும் அளவும் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆகவே அதே மலை, அதே வேகம், அதே கைகள் என்றாலும், எட்டு மணிக்கு இருந்த நாடி பதினொரு மணிக்கு இருக்காது. உடம்பு எடையில் 1 சதவீதம் நீர் குறைந்தாலே துடிப்பு நிமிடத்துக்கு 3 முதல் 5 வரை கூடும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது அரை லீற்றர் வியர்வைதான். வெயிலில் கடும் வேலை செய்தால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வியர்ப்பதும் உண்டு. ஊவா மாகாணத்தின் காய்ந்த காற்று அடிக்கிற நாட்களில் அந்த வியர்வை கண்ணுக்கே தெரியாமல் காய்ந்துவிடும். "எனக்கு அவ்வளவா வேர்க்கல" என்று சொல்கிறவர் தண்ணீரைத் தேடவும் மாட்டார். இடுப்பில் கட்டுகிற படங்குக்குள் மட்டும் வியர்வை காய வழியில்லை. அங்கே அது சூட்டைக் குறைக்காமலே வழிந்துபோகிறது.

என் லீவு நாட்களில் மலைக்குப் போய், விருப்பப்பட்ட பெண்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். காலையில் 100ஐச் சுற்றி இருந்தவர்களுக்குப் பதினொன்றரை மணியளவில் 130க்கு மேல் போயிருந்தது. வயது கூடக்கூட இதயத்தின் உச்ச வேகம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்: 20 வயதில் ஏறத்தாழ 200 என்றால் 50 வயதில் 170 அளவுதான். உங்கள் மலைகளில் இன்று கூடை சுமக்கிறவர்கள் யார்? இளம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு 130 என்பது விளையாட்டு இல்லை. சவுக்கு மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலைத்துணியைக் கழற்றி, தண்ணீர் குடித்தவர்களின் நாடி கண்முன்னாலேயே இறங்கியது. நின்றபடி குடித்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. நீங்கள் வெட்டிய பத்து மணித் தேத்தண்ணியின் பெறுமதி அந்த இறக்கத்தில் இருந்தது. உட்காரும்போது காலில் தேங்கிய இரத்தம் திரும்புகிறது, தசை சூடு உண்டாக்குவது குறைகிறது, தோல் ஆறுகிறது. கிளாசை மட்டும் கொடுத்து உட்காருவதைப் பறித்தால் அதில் முக்கியமானது போய்விடுகிறது.

இப்போது ரோட்டோர நிறுவைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

மலையில் விழுகிறவர்களை விட நிறுவை வரிசையில் விழுகிறவர்கள்தான் அதிகம். கங்காணிமாரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். நடக்கும்போதும் ஏறும்போதும் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிக் காலில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வேலை சட்டென்று நின்று, ஆள் வெயிலில் அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். தோல் நாளங்களோ இன்னும் விரிந்தபடியே இருக்கின்றன. இரத்தம் காலில் தங்கும், பிறசர் விழும், மூளைக்குப் போவது குறையும், கண் இருட்டும். காலை முழுவதும் நன்றாகப் பறித்தவர் தராசுக்கு முன்னால் சாய்வது இதனால்தான். தோட்டத்தில் இதற்கு எழுதப்படுகிற காரணம் எப்போதும் ஒன்று: "காலைச் சாப்பாடு இல்லாமல் வந்தவர்." சிலர் அப்படி வருவதும் உண்மை. ஆனால் சாப்பிட்டு வந்தவர்களும் அதே இடத்தில்தான் விழுகிறார்கள். இருந்த கூரையையும் பெஞ்சையும் கைவிட்டு, நிறுவையை இரண்டு தடவையாக்கிக் கூடையின் பாரத்தையும் வரிசையின் நீளத்தையும் கூட்டியிருக்கிறீர்கள். இதை அறிந்து செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இனி அறியாமல் செய்ததாகச் சொல்ல முடியாது.

அறிவித்தல் வந்த பிறகு விழுந்த ஓர் அக்காவைப் பற்றி, அவருடைய சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். இரண்டாவது நிறுவைக்காகக் காத்திருந்தபோது விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து, தார் ரோட்டோரத்திலேயே கிடத்தியிருக்கிறார்கள். நிறுவை முடிந்து லொறி புறப்படும்வரை அங்கேயே இருந்தார். பனடோல் கொடுக்கப்பட்டது. கொழுந்துச் சாக்குகளோடு லொறியில் வந்து, ஆட்டோவுக்கு மாறி, எங்களிடம் சேர்ந்தபோது தன் பிள்ளையின் பெயரைக் கேட்டால் தன் தாயின் பெயரைச் சொன்னார். அக்குளில் வைத்த வெப்பமானி 39 பாகையைத் தாண்டியிருந்தது. உள்ளே அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். தலைத்துணியையும் இடுப்பில் கட்டியிருந்த படங்கையும் யாரும் கழற்றியிருக்கவில்லை. உயிர் தப்பினார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இன்னும் கிளினிக்குக்கு வந்து போகிறார். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், போடப்பட்டது.

வெயிலில் வேலை செய்தவர் விழுந்து, உடம்பு கொதித்து, பேச்சுக் குழம்பினால் அது பசி மயக்கம் இல்லை. உடனடியாக நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். அதைச் செய்துகொண்டேதான் வாகனத்தைக் கூப்பிட வேண்டும். நினைவு குழம்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது, பனடோல் வேலை செய்வது அங்கே. இங்கே வெளியேற முடியாமல் சேர்ந்த சூடு. குளிர வைக்கத் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. தண்ணீர்ப் பீலியும் ஒரு வாளியும் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த அக்காவின் நிலை வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"தண்ணீர் வைத்துத்தான் இருக்கிறோம், அவர்கள் குடிப்பதில்லை" என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். குடிப்பதில்லை என்பது உண்மை. ஏன் என்று கேட்டேன். அம்மாவின் வயதை ஒத்த ஒருவர் சொன்னார்: "தண்ணிய குடிச்சிட்டு எங்க போய் ஒதுங்குறது மகள்? மேல ரோடு, கீழ ஆம்பளைங்க கவ்வாத்து வெட்டுறாங்க." மலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஆகவே அவர்கள் காலையில் லயத்திலிருந்து புறப்படும்போதே குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். மாதவிடாய் நாட்களில் இன்னும் குறைக்கிறார்கள். ஏற்கெனவே நீர் குறைந்த உடம்போடு வெயிலில் இறங்குகிற இதயம் முதல் மணித்தியாலத்திலிருந்தே கூடுதலாகத் துடிக்கத் தொடங்குகிறது. இதை வெளியே சொல்லப் பெண்களுக்குக் கூச்சம். ஒரு தாதியாக எனக்கு அந்தக் கூச்சம் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்: கழிப்பறை இல்லாத மலையில் தண்ணீர்ப் பீப்பாய் வைப்பது பாதி வேலைதான்.

கிளினிக்கில் நாங்கள் கொடுக்கிற மருந்துகளும் இதோடு சம்பந்தப்பட்டவை. பிறசருக்கு நீர் மாத்திரை எடுப்பவர் உடம்பு நீரை வேகமாக இழப்பார். துடிப்பைக் குறைக்கிற மாத்திரை எடுப்பவரின் இதயம் வெயிலுக்குத் தேவையான அளவு வேகமெடுக்க முடியாது. இரத்தச்சோகை உள்ளவரின் இரத்தம் குறைந்த ஒட்சிசனையே சுமக்கும்; அதே வேலைக்கு அவருடைய இதயம் இன்னும் கூடுதலாக ஓட வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை எவ்வளவு பரவலானது என்று உங்கள் தோட்ட வைத்திய உதவியாளருக்கே தெரியும். (மாத்திரை எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள்.) கர்ப்பிணிகளின் இதயம் ஏற்கெனவே கூடுதல் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அவர்களை வெயில் மலைக்கு அனுப்புவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வெயில் ஆண்களையும் விட்டுவிடவில்லை. மருந்தடிக்கிறவர்கள் 16 லீற்றர் டாங்கியை முதுகில் சுமக்கிறார்கள். பாதுகாப்பு உடுப்புப் போட்டால் வியர்வை ஆறாது, கழற்றினால் நஞ்சு தோலில் படும். அவர்களுடைய வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும்.

உங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று சாதாரணமானது, மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கொழுந்து எப்படி வாடும் என்று தீர்மானிக்கிறீர்கள். மனிதர் வெயிலில் வேலை செய்வது எவ்வளவு பாதுகாப்பானது என்று கணக்கிட உலகம் முழுவதும் பயன்படுத்துகிற அளவிலும் 70 சதவீதம் அந்த ஈரக்குமிழ் வெப்பநிலைதான். 20 சதவீதம் வெயிலின் நேரடிச் சூட்டை அறியும் கருங்கோளத்துக்கு, 10 சதவீதம் சாதாரண வெப்பமானிக்கு. அந்தக் கருவியைத் தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பறித்த கொழுந்துக்காக நாளும் பார்க்கப்படுகிற அளவு, பறிக்கிறவருக்காக ஒருநாளும் பார்க்கப்படவில்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உங்கள் ஸ்டோருக்குப் பொருந்தும். மலையில் நிற்பவருக்கு அந்தச் சட்டத்தின் நிழல்கூட விழுவதில்லை.

நீடித்த கடும் வேலையில் தொழிலாளியின் உள்வெப்பம் 38 பாகையைத் தாண்ட விடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1969 இலேயே சொல்லிவிட்டது. 2025 இல் அந்த நிறுவனமும் உலக வளிமண்டலவியல் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நான் மேலே சொன்ன அந்தக் கூட்டு அளவு 20 பாகையைத் தாண்டினால், ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தித்திறன் 2 முதல் 3 சதவீதம் குறையும் என்கிறது. கிலோக் கணக்கை முன்வைத்தே எல்லா முடிவும் எடுக்கிற கம்பனி இந்தக் கணக்கையும் பார்க்கட்டும். நம் நாட்டில் 2024 மார்ச்சில் திருக்கோவிலில் மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்தபோது, வெயிலில் பிள்ளைகளை விளையாட விடுவது பற்றிக் கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் கொடுத்தது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை வெளியிடுகிறது. வெளிக்கள வேலையைக் கட்டுப்படுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், நிழலில் ஓய்வெடுங்கள் என்று அது சொல்வது மலையில் நிற்கிற தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் கேட்பவை இவை.

பத்து மணிக்கு வேலையை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தை உடனே திருப்பித் தாருங்கள். மாசி முதல் சித்திரை வரையும், ஆடி ஆவணி வறட்சியிலும், மத்தியானத்துக்கு முன் இன்னொரு தடவை உட்கார நேரம் வேண்டும். அதற்காக நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டவோ பேரைக் குறைக்கவோ கூடாது.

நிறுவையை மூன்று தடவையாக்குங்கள். கொழுந்து மடுவத்துக்குக் கூரை போடுங்கள். அதுவரை ரோட்டோரத்தில் ஒரு தறப்பாளாவது கட்டி, காத்திருக்கிறவர்கள் உட்காரப் பெஞ்சு வையுங்கள். பாரத்தை இறக்கி வைத்துவிட்டு முறை வரும்போது எழுந்து வரலாம் என்று கணக்குப்பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மலையிலும் குடிநீரும், அதோடு பெண்களுக்கு இடம் மாற்றக்கூடிய மறைப்புள்ள கழிப்பறையும் வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் 15, 20 நிமிடத்துக்கு ஒருதடவை ஒரு கோப்பைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அப்படிக் குடிக்கிறவரை நிரையிலிருந்து யாரும் அதட்டக் கூடாது.

ஸ்டோரில் உள்ளதைப் போன்ற ஈரக்குமிழ் வெப்பமானி ஒன்றைக் கீழ் டிவிசன் மலையில் வைத்து, நாளும் அளவெடுத்துப் பிரட்டுக்களத்தில் எழுதிப் போடுங்கள். எந்த அளவில் வேலை குறையும், எந்த அளவில் நிற்கும் என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடும் சுகாதார வைத்திய அதிகாரியோடும் இருந்து பேசி எழுத்தில் தீர்மானியுங்கள்.

சித்திரை வருடப் பிறப்பு லீவு முடிந்து வருகிறவர்களுக்கும், பிள்ளை பெற்றோ நோயில் கிடந்தோ திரும்புகிறவர்களுக்கும் முதல் வாரம் முழுக் கிலோ கேட்காதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு கிழமை பிடிக்கும். அந்த நாட்களில்தான் இரத்தத்தின் திரவ அளவு கூடி, இதயத்தின் பாரம் குறைகிறது. சில கிழமை வெயிலை விட்டு விலகினால் அந்தப் பழக்கமும் போய்விடும்.

கங்காணி, கணக்குப்பிள்ளை, லொறிச் சாரதி எல்லோருக்கும் விழுந்தவரை எப்படிக் குளிர வைப்பது என்று பழக்குங்கள். நானும் என்னோடு வேலை செய்கிற சிலரும் லீவு நாளில் வந்து சம்பளமில்லாமல் சொல்லித்தரத் தயார். ஆள் விழுந்தால் நிறுவைக்காக வாகனம் காத்திருக்கக் கூடாது. வேலையில் விழுந்தவருக்கு அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும். அந்த அக்காவுக்கு வெட்டிய அரைப்பேரையும், அவர் படுத்திருந்த நாட்களின் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும்.

இந்த மடலின் பிரதி மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கும் போகிறது. வெளிக்களத் தொழிலாளரின் வெப்பப் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும் என்று அவர்களிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்குத் தனிப்பட்ட பதில் வேண்டாம். வருடப் பிறப்பு லீவுக்கு முன்னால், அறிவித்தல் வாசித்த அதே பிரட்டுக்களத்தில், எதை எந்தத் திகதிக்குள் செய்வீர்கள் என்று தொழிலாளருக்கு முன்னால் வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு தாதி